வெள்ளி இல்லை, வியாழன்

யோத்தாமு ஜேரேயின் குரலைக் கேட்காமல் எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் படித்துவிட்டுப் போயிருக்க முடியாது. திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சாம்பல் நிற ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுதி விடுதியாக வருவார். கீழே நின்று "இந்த வாரம் என்ன வருது?" என்று கத்துவார். மாடி ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்க்கும். "நீங்களே சொல்லுங்க ஜேரே!" என்று பிள்ளைகள் திருப்பிக் கத்துவார்கள். அவருக்கு அது போதும், சோறு கூட வேண்டாம்.

"செவ்வாய், விவாதப் போட்டி. புதன், ரத்த தானம். குடுக்கிறவங்களுக்கு ஜூஸும் பிஸ்கட்டும் உண்டு. ஜூஸுக்காக ரெண்டு தடவை குடுக்கக் கூடாது. வியாழன், சுரங்கக் கம்பெனிக்காரங்க வேலைக்கு ஆள் பாக்க வர்றாங்க. சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு வாங்க, அவங்க மூக்கும் மூக்குதான். சனி, லுசாகா பசங்களோட கால்பந்து. தோத்தாலும் பாட்டு உண்டு!"

அப்போது எங்களிடம் செல்போன் கிடையாது. மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதத்தை மழையோ ஆடோ தின்றுவிடும். ஆகவே ஒரு பிள்ளைக்கு வேலை கிடைப்பதும், படிப்பு உதவி கிடைப்பதும், சனிக்கிழமை ஆட ஒரு இடம் கிடைப்பதும் ஜேரேயின் தொண்டையில்தான் இருந்தது. நான் பெண்கள் விடுதியின் பொறுப்பாளர், பெயர் இனோங்கே. அவர் வந்து கத்திவிட்டுப் போகும்வரை என் விடுதியில் ஒரு பெண்ணும் படிக்க உட்கார மாட்டாள். அதற்காக அவரை நான் திட்டாத திங்கட்கிழமை இல்லை.

எல்லாம் சொல்லி முடித்ததும் கடைசியில் ஒன்று வைத்திருப்பார். பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான்.

"கடைசி அறிவிப்பு! கேட்டுக்குப் பக்கத்துல விதும்புவா சுட்டு விக்கிற பெம்பா பொம்பளையோட சட்டியில நேத்து ஒரு வால் கிடந்துச்சாம். காட்டுல ஒரு குரங்கு தன் புருஷனைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கு. தகவல் தெரிஞ்சவங்க சொல்லவும்!"

கேட்டுப் பக்கத்திலிருந்து பதில் பறந்து வரும். அதற்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"யோவ் எலி தின்னி! உங்க ஆளுங்க இந்த ஊருக்கு வந்ததுலேருந்து எங்க பூனைங்க எல்லாம் பட்டினி கிடக்குது. முதல்ல அதுக்கு ஒரு அறிவிப்பு சொல்லு!"

அவள் பனா முத்தாலே. முத்தாலேயின் அம்மா என்று அர்த்தம். அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாவை உருட்டி எண்ணெயில் பொரித்து, அந்த விதும்புவாவை விற்பாள். அவள் பெம்பா, ஜேரே ங்கோனி. பெம்பா குரங்கு தின்னி, ங்கோனி எலி தின்னி என்பது பழைய கேலி. இந்த இரண்டு ஜனமும் முறைக்காரர்கள். ரத்த உறவெல்லாம் இல்லை. பாட்டன் பூட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டு அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று முடிவு செய்த ஜனங்கள். முன்பின் தெரியாத பெம்பாக்காரனும் ங்கோனிக்காரனும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட, இறங்குவதற்குள் ஒருவன் குலத்தை ஒருவன் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான்.

அதற்குச் சட்டம் உண்டு. முறைக்காரர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. மன்னிப்பும் கேட்கக் கூடாது. இரண்டில் எது செய்தாலும் முறை அறுந்தது என்று அர்த்தம். சாவு வீட்டிலும் விட மாட்டார்கள். செத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மாதிரியே நடந்து காட்டுவார்கள். பெட்டியை இறக்கும் முன்னால் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, காசு போட்டால்தான் எழுந்திருப்போம் என்பார்கள். அழுகிறவர்களைச் சிரிக்க வைக்காதவன் முறைக்காரனே இல்லை. நான் லோசி. எங்களுக்கு வேறு முறைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு எல்லைக்குமேல் எனக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. முன்பும் பிடிக்காது, இப்போது சுத்தமாகப் பிடிக்காது.

ஜேரே சிபாட்டா பக்கத்துக்காரர். இளவயதில் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவர் விஷயத்தில் பொய்யாகவில்லை. அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு இழுத்துவந்தார்கள். இங்கே வந்து கல்யாணம் செய்தார். பெண்டாட்டி திசாவுகே தலைப்பிரசவத்தில் போனாள், குழந்தையும் கூடவே போனது. அந்தச் சாவில் குழிக்குள் இறங்கிப் படுத்து அவரைச் சிரிக்க வைத்தது பனா முத்தாலேதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் சட்டியில் முதலில் வேகும் விதும்புவா அவருக்குத்தான். "எலி கிடைக்கலன்னா இதைத் தின்னு" என்று சொல்லித்தான் நீட்டுவாள்.

அவளுக்கும் புருஷன் இல்லை. சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்துப்போனான். மகள் முத்தாலே அப்போது சின்னப் பெண். அப்பாவைக் கொண்டுவந்து போட்ட அன்று, "மேல இருந்த பாறை ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டவள், கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். சுரங்கப் படிப்பு படிப்பேன், பாறை விழாமல் தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்வேன் என்றாள். கணக்கில் புலி. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இடமும் கிடைத்தது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை. விதும்புவா விற்று சுரங்கப் படிப்பு படிக்க வைக்க முடியுமா?

அந்த நேரத்தில்தான் தலைநகர் லுசாகாவில் ஒரு அறக்கட்டளை, சுரங்கத்தில் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு முழுச் செலவும் தருவதாக அறிவித்தது. பள்ளி முடித்த அதே வருடம் கேட்டால்தான் உண்டு. நேர்காணல் எங்கள் வளாகத்தில், வெள்ளிக்கிழமை. நேரில் வராதவர்களுக்கு இல்லை. ஜேரே அந்தக் காகிதத்தை நோட்டீஸ் போர்டிலிருந்து அப்படியே கிழித்துக்கொண்டு ஓடிவந்து அவள் கையில் கொடுத்தார். கிழித்ததற்காக அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். பனா முத்தாலே அந்தக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்தாள். மகள் அப்போது ம்போங்வேயில் மாமா வீட்டில் தங்கிச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை போய் அழைத்துவருவது என்று ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்கு லுசாகாவிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வேறு ஜோலி வந்துவிட்டதாம், நேர்காணல் வியாழனாம். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு நாள் முன்னால் இழுத்துப்போடுவது அவர்களுக்கு நாற்காலியை இழுத்துப்போடுவது மாதிரி. ரேடியோவில் சொல்லிவிட்டோம் என்றார்களாம். ம்போங்வே மாமா வீட்டு ரேடியோவுக்கு யார் பேட்டரி வாங்கி வைத்தது?

அன்று மின்சாரம் இல்லை, நோட்டீஸ் அடிக்க முடியவில்லை. ஒலிபெருக்கியிலும் பேட்டரி தீர்ந்திருந்தது. ஜேரே கால்நடையாக ஒவ்வொரு விடுதிக்கும் ஓடவேண்டியிருந்தது. ஆனால் முதலில் எங்கும் போகவில்லை, நேராக பனா முத்தாலேயிடம் ஓடினார். அதுதான் கெட்டது. கடைசியாகப் போயிருந்தால் அவள் காதுக்குப் பிள்ளைகள் மூலமாகவே செய்தி போயிருக்கும். நான் அப்போது அங்கே இல்லை. நின்றிருந்தவர்களும் பனா முத்தாலேயும் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

"பனா முத்தாலே, நேர்காணல் நாளைக்கு! வெள்ளி இல்ல, வியாழன். கடையை மூடு. சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு ம்போங்வே போ. விடியக்காலை பஸ்ஸுல பொண்ணோட வந்துடு."

அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படியா மச்சான்? துணைவேந்தரும் வர்றாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போன மாதம்தான் ஜேரே, துணைவேந்தர் நாளைக்கு உன் விதும்புவாவைச் சாப்பிட வருகிறார் என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்ல, அவள் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் காத்திருந்தாள்.

"அய்யோ, நிஜமா சொல்றேன்டி. இது விளையாட்டு இல்ல."

"எந்த நிஜம்? போன மாசத்து நிஜமா, அதுக்கு முந்தின மாசத்து நிஜமா? காகிதம் எங்க?"

"காகிதம் இல்ல. போன்ல சொன்னாங்க. கரண்ட் இல்லாம டைப் அடிக்கல."

"ஆமாமா, கரண்ட் இல்ல."

"எங்கம்மா மேல சத்தியம்!"

"உங்கம்மா எலிப்பொறி வைக்கப் போயிருக்கும். வரட்டும், அதுகிட்டயே கேட்டுக்கறேன்."

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பாவி மனிதர், ஜேரேக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், உதடு அதுவாக விரிந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

முறைக்காரன் பெரிய பொய்யைக் கொண்டுவந்தால் அதை வெல்ல ஒரே வழி, நம்பியது மாதிரி நடிப்பது. அவள் அதைச் செய்தாள். முகத்தை மாற்றிக்கொண்டு எழுந்தாள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். "சரி மச்சான், இதோ கிளம்பிட்டேன். நீ மட்டும் சொல்லலைன்னா என் பொண்ணு கதி என்ன ஆயிருக்கும்? நீ நல்லா இருக்கணும்" என்றாள். ஜேரே நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "ஓடு, ஓடு" என்று சொல்லிவிட்டு விடுதிகளைப் பார்த்து ஓடினார். அவர் முதுகு மறைந்ததும் அவள் உட்கார்ந்து சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். "எலியைப் பொறியில புடிச்சேன் பாத்தீங்களா?" என்றாள். அப்புறம் மழை வந்தது. கடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஜேரே என் விடுதிக்கு வந்து செய்தி சொன்னபோது, "பனா முத்தாலேக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல்ல அவகிட்டதான் அக்கா சொன்னேன். கடையை மூடிட்டுப் போயிட்டா. நானே பாத்தேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தன் பிள்ளைக்கே வழி பிறந்தது மாதிரி.

வியாழக்கிழமை அவள் கடை போடவில்லை. போடாதது சரிதானே, அவள் திட்டப்படி காலையில்தான் ம்போங்வேக்குக் கிளம்பியிருந்தாள். ஜேரே அதைப் பார்த்து இன்னும் நிம்மதியாக இருந்தார். நேர்காணல் தொடங்கியது. வரிசையில் முத்தாலே இல்லை. கேட்டுக்கு ஓடினார். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தார். திரும்ப அறைக்கு ஓடி, "ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருக்கா ஐயா, அவளைக் கடைசியில வெச்சுக்குங்க" என்று சொன்னார். எல்லாருக்கும் முடிந்தது. லுசாகாக்காரர்கள் காரில் ஏறியபோது கார் முன்னால் போய் நின்றார். "பஸ் கெட்டுப்போயிருக்கும் ஐயா. அந்தப் பொண்ணு வராம இருக்க மாட்டா. அப்பன் சுரங்கத்துல செத்தவன்." காவலாளிதான் அவர் தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தாயும் மகளும் வந்தார்கள். முத்தாலே தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். மழைச் சேற்றில் அழுக்காகக் கூடாதென்று அவளுடைய காலணிகளை அம்மா கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் விடுதி வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஓடினேன். அறை பூட்டியிருந்தது. வாசல் படியில் ஜேரே உட்கார்ந்திருந்தார். ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது.

பனா முத்தாலே அவரைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நிஜமாவா?" என்று கேட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று முத்தாலே கேட்டாள். "எந்த ரூம்மா? நான் ஷூ போட்டுக்கட்டுமா?"

விளையாட்டு வினையாகும் என்று சும்மா சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தப் பெண் ஷூ போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அழுதேன். முறைக்கு வெளியே நின்றதால் அங்கே அழ உரிமை இருந்தது எனக்கு மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஜேரே ஒலிபெருக்கி இல்லாமல் அவள் கடைக்குப் போனார். நான் விதும்புவா வாங்குகிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். அடித்துக்கொள்ளட்டும், கத்திக்கொள்ளட்டும், அப்போதாவது இரண்டு பேருக்கும் மூச்சு விட முடியும் என்று நினைத்தேன்.

"பனா முத்தாலே, நான்..." என்று ஆரம்பித்தார்.

அவள் மாவுக் கையாலேயே அவர் வாயைப் பொத்தினாள். "வேணாம் மச்சான். நீ கேட்டா நான் மன்னிக்கணும். நானும் உன்கிட்ட கேக்கணும். கேட்டுட்டா அப்புறம் நீ யாரோ நான் யாரோ. எனக்கு உன்னை விட்டா சிரிக்க யாரு இருக்கா?" கையை எடுத்துவிட்டு, வழக்கமான குரலில், "எலிக்காரா, மூஞ்சி ஏன் பொறியில மாட்டின மாதிரி இருக்கு?" என்றாள்.

அவர் பதில் சொல்லப் பார்த்தார். "குரங்கு..." என்றார். உதட்டைச் சுற்றி மாவோடு நின்றார். அவள் முதல் விதும்புவாவை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு சரி. கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, சட்டம் காப்பாற்றப்பட்டது. எலி, குரங்கு, பூனை எல்லாம் கொஞ்ச நாளில் திரும்பி வந்தன. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

முத்தாலேக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவள் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எல்லைப் பக்கம் போய்ப் பழைய துணி வாங்கி விற்றாள். ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவள் இடத்தில் வேறு யாரோ சுரங்கப் படிப்பு படித்தார்கள்.

ஜேரே அதற்குப் பிறகு கடைசி அறிவிப்பு சொல்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். "செவ்வாய், விவாதப் போட்டி. இது விளையாட்டு இல்ல. புதன், ஆஸ்பத்திரி வண்டி வருது, இலவசமா கண் பாப்பாங்க. இது விளையாட்டு இல்ல." நடன நிகழ்ச்சிக்கும் அதே. அழகிப் போட்டிக்கும் அதே. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. அவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜன்னல்களிலிருந்து ஒரே குரலில் "இது விளையாட்டு இல்ல!" என்று கூடவே கத்துவார்கள். அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. வருடங்கள் ஓடின.

பனா முத்தாலேக்கு உண்மையான செய்தி எதுவும் இருந்தால் அவர் நேரே சொல்ல மாட்டார். என்னிடம் வருவார். "அக்கா, கேட்டுப் பக்கத்துக் கடைங்களை நாளைக்கு எடுக்கச் சொல்லப் போறாங்களாம். நீங்க போய் சொல்லிடுங்க. நான் சொன்னா..." என்று நிறுத்துவார். நான் போய்ச் சொல்வேன். அவளும், "எலிக்காரன் சொன்னானா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அந்த நிமிஷமே எழுந்து எடுத்து வைப்பாள்.

போன மழைக்காலத்தில் ஜேரே இறந்துபோனார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, வாயும் கோணி, கடைசி நாட்களில் பேச்சே இல்லை. அந்தத் தொண்டைக்கு அப்படி ஒரு முடிவு. ஆஸ்பத்திரியில் பனா முத்தாலே பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தாள். "பதில் சொல்லுய்யா, தோத்துட்டியா?" என்பாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழியும்.

சிபாட்டாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். இடுகாட்டில் பிள்ளைகள் கூட்டம். பெட்டியைக் குழிக்குப் பக்கத்தில் வைத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பனா முத்தாலே வந்தாள். முகம் முழுக்க மாவு பூசியிருந்தாள். ஜேரேயின் கோட்டு, தோளில் அந்தச் சாம்பல் நிற ஒலிபெருக்கி. அவர் மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். குழிக்குள் இறங்கினாள். ஈர மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை வாயில் வைத்தாள்.

"இந்த வாரம் என்ன வருது?"

"நீங்களே சொல்லுங்க ஜேரே!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"திங்கள், எலி தின்னி ஒண்ணு குறைஞ்சுபோச்சு. செவ்வாய், ஊர்ப் பூனைங்களுக்கு விருந்து!"

கூட்டம் குலுங்கியது. சிபாட்டா பெரியவர் ஒருவர் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"புதன்..." என்றாள். "புதன்கிழமை மத்தியானம் ஒரு ஆளு ஓடிவருவாரு. மூச்சு வாங்க, வேற எங்கயும் போகாம, முதல்ல உங்ககிட்டதான் ஓடிவருவாரு. அவரு சொல்றதை நம்புங்க. நேர்காணல் வெள்ளி இல்ல, வியாழன். இது விளையாட்டு இல்ல."

"இது விளையாட்டு இல்ல!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. அப்படி ஒரு சிரிப்பை அந்த இடுகாடு கேட்டிருக்காது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குழிக்குள் காசு விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி வெளியே வீசினாள்.

"காசு வேணாம்! எனக்கு அந்தப் புதன்கிழமையைக் குடுங்க. இந்த ஆளு இன்னொரு தடவை ஓடிவரட்டும். நான் கடையை மூடிட்டு நிஜமாவே போறேன். குடுத்தாதான் எழுந்திருப்பேன்."

"இப்படி ஒரு முறைக்காரி கிடைக்க ஜேரே குடுத்து வெச்சிருக்கணும்" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்து மாவில் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்தது. அதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள். நான் முறைக்காரி இல்லை, அந்தக் குழிக்குள் இறங்க எனக்கு உரிமை இல்லை. முத்தாலே மட்டும் முதுகில் குழந்தையோடு ஓரத்தில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எழுந்து வாம்மா" என்றாள்.

பனா முத்தாலே அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. ஒலிபெருக்கியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"பத்தலையாம், இன்னும் போடுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பைகளில் கை விட்டார்கள். காசு அவள்மேல் விழுந்துகொண்டே இருந்தது.